காட்டைக் காக்க ஊரைக் கேட்டவர்
ஜேன் குடால் அம்மையாரின் வாழ்வும் அவர் விட்டுச்சென்ற பாடமும்

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதலாம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜேன் குடால் அம்மையார் காலமானார். அப்போது அவருக்கு வயது 91. சொற்பொழிவுப் பயணமொன்றின் நடுவிலேயே அவரது உயிர் பிரிந்தது. ஆபிரிக்கக் காட்டில் சிம்பன்சி மனிதக்குரங்குகளின் வாழ்வை முதன்முதலாக நீண்டகாலம் அருகிருந்து ஆராய்ந்தவர் என உலகம் அவரை அறியும்.

குரங்குகளை ஆராய்ந்த ஓர் ஆங்கிலேயப் பெண்மணியைப் பற்றி எமது இதழில் எழுத என்ன இருக்கிறது என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. தென்னையில் குரும்பட்டியைக்கூட விட்டுவைக்காத குரங்குக் கூட்டத்தோடு நாள்தோறும் மல்லுக்கட்டும் கமக்காரருக்கு, குரங்கின் மீது பாசம் வை என்று எவரும் சொல்லிவிட முடியாது. காட்டைப் பாதுகாப்போம் என்ற சொல்லும் எம்மில் பலருக்கு இனிப்பானதல்ல. போரினால் ஆண்டுக்கணக்கில் விட்டுப்போன வயலும் தோட்டமும் பற்றை பிடித்துக் காடாகி, உடையவர் திரும்பி வந்தபோது அங்கே வன ஒதுக்கம் என்று எல்லைக்கல் நின்ற அனுபவம் வடக்கிலும் கிழக்கிலும் பல குடும்பங்களுக்கு உண்டு.

அதனாலேயே இக்கட்டுரையை எழுதுகிறோம். காட்டையும் விலங்கையும் நேசித்தவர்களுள் இவரைப்போல் நேசித்தவர் சிலரே. அப்படிப்பட்ட ஒருவர், முப்பது ஆண்டுகால ஆராய்ச்சிக்குப் பின், காட்டைச் சுற்றியுள்ள ஏழைக் குடும்பங்களின் வாழ்வு சீராகாமல் காடு ஒருபோதும் நிலைக்காது என்ற முடிவுக்கு வந்தார். வந்ததோடு நில்லாமல் அந்தக் குடும்பங்களிடமே சென்று, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கச் செய்தார். அந்தக் கதை எமது வாசகர்கள் அறியவேண்டிய கதையாகும்.

கோழிக்கூட்டில் ஒளிந்த சிறுமி

ஜேன் குடால் 1934ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 3ஆம் திகதி லண்டனில் பிறந்தார். நாலு வயதுக் குழந்தையாக ஒரு பண்ணைக்குச் சென்றிருந்தபோது, கோழியின் உடம்பில் முட்டை வருமளவுக்கு வழி எங்கே இருக்கிறது என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. கேட்டவர் எவரும் சரியான விடை சொல்லவில்லை. கோழிக்கூட்டுக்குள் புகுந்து வைக்கோலில் ஒளிந்திருந்தார். மணிக்கணக்காகப் பிள்ளையைக் காணாமல் வீட்டார் தேடி அலைந்தனர். உடம்பெல்லாம் வைக்கோலாக ஓடிவந்த மகளின் கண்ணில் இருந்த ஒளியைக் கண்ட தாய் வான், அதட்டவில்லை. அருகில் இருத்தி, கோழி முட்டையிட்ட கதையை முழுமையாகக் கேட்டார். அன்று அம்மா அதட்டியிருந்தால் தம்முள் இருந்த ஆராய்ச்சியாளர் அன்றே அடங்கிப்போயிருக்கக்கூடும் என்று பிற்காலத்தில் ஜேன் பலமுறை கூறியுள்ளார்.

ஆபிரிக்காவுக்குப் போய் விலங்குகளோடு வாழ்ந்து புத்தகம் எழுதவேண்டும் என்பது சிறுவயதிலேயே அவருக்கிருந்த ஆசை. ஆனால் பல்கலைக்கழகம் செல்ல வீட்டில் பணமிருக்கவில்லை. காரியதரிசிப் பயிற்சி பெற்று வேலை செய்தார். கென்யாவில் தோழியொருவரின் குடும்பம் பண்ணை வைத்திருந்தது. அங்கிருந்து அழைப்பு வந்ததும், கப்பல் கட்டணம் சேர்ப்பதற்காக உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்தார். 1957இல் கென்யா சென்றார். அங்கே ஆதிமனிதரின் எலும்புகளைத் தேடி ஆராய்ந்துவந்த லூயிஸ் லீக்கி அவரைத் தமது காரியதரிசியாகச் சேர்த்துக்கொண்டார். பட்டப்படிப்பு இல்லாவிட்டாலும் இப்பெண்ணிடம் பொறுமையும் கூர்ந்த பார்வையும் உண்டெனக் கண்டு, சிம்பன்சி ஆராய்ச்சிக்கு அவரையே லீக்கி தெரிவுசெய்தார்.

ஏரிக்கரையில் ஒரு கூடாரம்

தங்கனீக்கா ஏரியின் கிழக்குக் கரையில், இன்றைய தன்சானியாவின் கிகோமா மாகாணத்தில், கொம்பே என்ற சிறு காடு உள்ளது. செங்குத்தான மலைகளும் பள்ளத்தாக்குகளும் ஏரியை நோக்கி இறங்கும். கரையிலே மீனவர் இரவில் விளக்கு வைத்துப் பிடித்த, எமது நெத்தலியைப் போன்ற டகா மீனை வெயிலில் காயப்போடுவர். 1960ஆம் ஆண்டு ஜூலை மாதம் 14ஆம் திகதி ஜேன் அங்கு வந்திறங்கினார். இளம்பெண் ஒருத்தி தனியே காட்டில் தங்க அன்றைய பிரித்தானிய நிர்வாகம் சம்மதிக்கவில்லை. ஆகையால் தாய் வான் துணைக்கு வந்திருந்தார்.

அவர்கள் கிகோமா நகருக்கு வந்துசேர்ந்த வேளையில், ஏரியின் மறுகரையில் கொங்கோ சுதந்திரமடைந்து கலவரம் வெடித்திருந்தது. அங்கிருந்து தப்பி வந்த பெல்ஜிய அகதிகளால் நகரம் நிறைந்திருந்தது. ஆராய்ச்சியைத் தொடங்குமுன் தாயும் மகளும் செய்த முதல் வேலை, அந்த அகதிகளுக்காகப் பாணிலே தகரத்து இறைச்சி வைத்துக் கொடுக்கும் பணியில் கைகொடுத்ததுதான்.

கொம்பேயில் இருவரையும் மலேரியா வாட்டியது. மகள் மலையேறித் திரிந்த வேளையில் தாய், கையிலிருந்த சாதாரண மருந்துகளைக் கொண்டு கரையிலுள்ள மீனவக் குடும்பங்களுக்குச் சிறு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். புண்ணுக்கு மருந்திடுவதும் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பதுமான அந்தச் சிறு பணி, அயலவரோடு நல்லுறவை உண்டாக்கியது. மகள் பல ஆண்டுகளுக்குப் பின்னர் கண்டறிந்த பாடத்தைத் தாய் முதல் மாதங்களிலேயே செய்து காட்டிவிட்டார் எனலாம்.

உலகை வியக்கவைத்த புல்லுக்குச்சி

முதல் மாதங்களில் ஜேனைக் கண்டதும் சிம்பன்சிகள் ஓடி மறைந்தன. நாள்தோறும் ஒரே நிற உடையில், ஒரே குன்றின் உச்சியில், அசையாமல் அமர்ந்து காத்திருந்தார். சாம்பல் நிறத் தாடை மயிர் கொண்ட ஓர் ஆண் சிம்பன்சி முதலில் பயம் தெளிந்தது. அதற்கு டேவிட் கிரேபியர்ட் என்று பெயரிட்டார். 1960ஆம் ஆண்டு பிற்பகுதியில் அந்த டேவிட், கறையான் புற்றின் துளையிலே புல்லுக்குச்சியைச் செலுத்தி, அதில் தொற்றிய கறையான்களை உதட்டால் வழித்துத் தின்பதை ஜேன் கண்டார். சில வேளைகளில் இலையுள்ள சிறு கிளையை ஒடித்து, இலையை உரித்துவிட்டுக் குச்சியாக்கிப் பயன்படுத்துவதையும் கண்டார்.

கருவி செய்யத் தெரிந்த ஒரே உயிர் மனிதன் என்றே அதுவரை கல்விமான்கள் கருதியிருந்தனர். புல்லுக்குச்சி ஒன்று அந்த எண்ணத்தைக் கவிழ்த்துவிட்டது. 1962இல் முதற்பட்டம் இல்லாமலேயே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு அவர் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அங்கே சில பேராசிரியர்கள், விலங்குகளுக்குப் பெயரிடக்கூடாது, எண்தான் இடவேண்டும் என்று கூறினர். விலங்குக்குக் குணமும் உணர்வும் உண்டெனப் பேசுவதையும் அவர்கள் ஏற்கவில்லை. ஜேன் பணியவில்லை. மாடு வளர்த்த எந்தக் குடும்பத்துக்கும் இதில் வியப்பிருக்காது. ஒவ்வொரு மாட்டுக்கும் ஒவ்வொரு குணம் என்பதை எமது வீட்டுப் பிள்ளையும் அறியும். ஆனால் அதைக் குறிப்பேடும் திகதியும் வைத்து நிறுவ வேண்டியிருந்தது. அவர் நிறுவினார்.

தாய்க்கும் பிள்ளைக்கும் இடையிலான பிணைப்பு அவர் கண்டவற்றுள் முக்கியமானது. ஃபுளோ என்ற வயோதிபத் தாய் 1972இல் ஓர் ஓடையருகே இறந்தது. எட்டு வயது கடந்த அதன் மகன் ஃபுளிண்ட் உண்ண மறுத்து, சோர்ந்து, ஒரு மாதத்துக்குள் தானும் இறந்தது.

அவரது முறைகள் குறைகூறப்பட்டதும் உண்டு. சிம்பன்சிகளை அருகில் வரச்செய்ய முகாமில் வாழைப்பழம் கொடுத்தமை அவற்றிடையே சண்டையைக் கூட்டியது எனப் பலர் கண்டித்தனர். பின்னர் அவ்வழக்கம் குறைக்கப்பட்டு, இறுதியில் கைவிடப்பட்டது. 1966இல் அப்பகுதியில் பரவிய இளம்பிள்ளைவாதம் சிம்பன்சிகளையும் தாக்கியபோது, தடுப்பு மருந்தை வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தனர். ஊரின் நோய் காட்டுக்கும் வரும் என்பது அன்றே தெளிவாயிற்று.

போரும் கடத்தலும்

சிம்பன்சிகள் மனிதரை விட அமைதியானவை என்று ஜேன் தொடக்கத்தில் எண்ணியிருந்தார். 1974 முதல் நான்கு ஆண்டுகளாக நடந்தவை அந்த எண்ணத்தை உடைத்தன. ஒன்றாக வாழ்ந்த கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. பெரிய கூட்டத்தின் ஆண்கள், பிரிந்துபோன கூட்டத்தின் ஆண்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கொன்றன. நேற்றுவரை ஒன்றுக்கொன்று பேன் பார்த்தவை அவை. இதனை மறைத்துவிடும்படி சிலர் ஆலோசனை கூறியபோதும், கண்டதைக் கண்டபடியே அவர் எழுதினார்.

1975 மே மாதத்தில் மனிதரின் போரும் கொம்பேக்கு வந்தது. ஏரியைக் கடந்து படகில் வந்த ஆயுதக்குழுவொன்று நான்கு வெளிநாட்டு மாணவர்களைக் கடத்திச் சென்றது. பின்னர் நால்வரும் உயிரோடு விடுவிக்கப்பட்டனர். ஆனால் அதன்பின் வெளிநாட்டவர் அங்கு தங்க முடியவில்லை. ஆராய்ச்சி நின்றுவிடும் என்றே பலர் எண்ணினர். நிற்கவில்லை. அயற்கிராமங்களிலிருந்து உதவியாளராகச் சேர்ந்திருந்த தன்சானியர்கள், நாள்தோறும் மலையேறிச் சிம்பன்சிகளைப் பின்தொடர்ந்து குறிப்பெழுதிவந்தனர். வெளியார் போன பின்பும் வேலை நடந்ததற்குக் காரணம், அது ஊராரின் கையில் இருந்தமையே. அபிவிருத்தித் திட்டங்கள் பலவற்றின் தொடக்கத்தையும் முடிவையும் கண்ட எமது மக்களுக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

ஆகாயத்திலிருந்து கண்ட காட்சி

1986இல் சிக்காகோ நகரில் நடந்த மாநாடு ஜேனின் வாழ்வைத் திருப்பியது. ஆபிரிக்கா எங்கும் காடுகள் அழிவதையும், குட்டிகளைப் பிடித்து விற்பதற்காகத் தாய்கள் கொல்லப்படுவதையும் அங்கே ஒருசேரக் கேட்டார். ஆராய்ச்சியாளராக மாநாட்டுக்குச் சென்றேன், போராளியாக வெளியே வந்தேன் என்ற கருத்தில் அவர் பின்னர் பேசுவார். அன்றுமுதல் ஆண்டில் ஏறக்குறைய 300 நாட்கள் ஊர் ஊராகப் பயணஞ்செய்து பேசினார்.

1990களின் தொடக்கத்தில் சிறிய விமானமொன்றில் கொம்பேயின் மேலாகப் பறந்தபோது அவர் கண்ட காட்சி இன்னும் ஆழமாகப் பதிந்தது. 1960இல் ஏரிக்கரை நெடுகிலும் தொடர்ந்து கிடந்த காட்டிலே எஞ்சியிருந்தது தேசிய பூங்காவின் சிறு பச்சைத் துண்டு மட்டுமே. சுற்றிலும் மொட்டை மலைகள். மழை பெய்தால் மேல்மண் கழுவுண்டு ஏரியிலே சேர்ந்தது.

மரத்தை வெட்டியவர்கள் யார்? விறகுக்கும் கரிக்கும், மரவள்ளியும் எண்ணெய்ப்பனையும் வைப்பதற்கும் வெட்டிய ஏழைக் குடும்பங்கள். 1970களில் அரசின் ஊராக்கத் திட்டத்தினால் சிதறி வாழ்ந்த குடும்பங்கள் நாடெங்கும் பெருங் கிராமங்களுக்கு நகர்த்தப்பட்டிருந்தன. சனத்தொகை பெருகியது. 1993இல் புருண்டியிலும், 1996இல் கொங்கோவிலும் போர் மூண்டபோது இலட்சக்கணக்கான அகதிகள் தன்சானியாவுக்குள் தஞ்சம் புகுந்தனர். கிகோமா மாகாணத்திலும் முகாம்கள் எழுந்தன. முகாமில் இருந்தவருக்குத்தான் தெரியும், ஒருநேர உலை கொதிக்க எவ்வளவு தூரம் விறகு தேடி நடக்கவேண்டும் என்பது. செங்குத்தான சரிவிலே தோட்டம் செய்தால் மண் போகும் என்பது அந்தக் கமக்காரருக்குத் தெரியாததல்ல. வேறு நிலம் இருக்கவில்லை.

பட்டினியோடு போராடும் மக்களின் நடுவே சிம்பன்சியை மட்டும் எப்படிக் காப்பது என்ற கேள்வி ஜேனுக்கு அங்கேதான் பிறந்தது.

முதலில் கேட்டார்கள்

வனப் பாதுகாப்பு என்றால் வேலி கட்டி மக்களை வெளியேற்றுவது என்பதே ஆபிரிக்காவில் நெடுங்கால வழக்கமாயிருந்தது. இதே நாட்டில், சேரங்கெட்டி சமவெளியிலிருந்து மசாய் மாட்டிடையர் 1959இல் வெளியேற்றப்பட்டனர். ஜேன் குடால் நிறுவனம் 1994இல் தொடங்கிய டக்காரே திட்டம் வேறு வழியில் சென்றது. தன்சானியர்களைக் கொண்ட சிறு குழு, கொம்பேயைச் சுற்றியுள்ள 12 கிராமங்களுக்குச் சென்று பெரியோரோடு அமர்ந்தது. குரங்கைப் பற்றிப் பேசவில்லை. உங்கள் வாழ்வு சீர்பெற நாங்கள் எதில் உதவலாம் என்று கேட்டது.

கிராமத்தவர் சிம்பன்சியையோ காட்டையோ முதலில் சொல்லவில்லை. களைத்த நிலத்தில் மீண்டும் விளைச்சல் வேண்டும் என்றனர். வைத்திய வசதி வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்றனர். ஆகவே வேலை அங்கிருந்தே தொடங்கியது. இரசாயனப் பசளையின்றி நிலத்தின் வளத்தை மீட்கும் முறைகளும், பயிரோடு மரத்தைச் சேர்த்து வளர்க்கும் முறையும் பரவின. நாற்றுமேடைகள் எழுந்தன. வீட்டருகே விரைவில் வளரும் விறகுத் தோப்புகளும், குறைந்த விறகில் எரியும் அடுப்புகளும் வந்தன. இதனால் காட்டுக்குப் போகும் தேவை குறைந்தது, பெண்களின் நடையும் குறைந்தது.

வங்காளதேசத்தின் கிராமீன் வங்கியைப் பின்பற்றிப் பெரும்பாலும் பெண்களுக்கே சிறுகடன் வழங்கப்பட்டது. பெண்பிள்ளைகள் பருவமடைந்ததும் பள்ளியை விட்டு நிற்பதற்கு, பள்ளியிலே தக்க மலசலகூடம் இல்லாமையும் ஒரு காரணம் எனக் கண்டு அவற்றைக் கட்டினர். பெண்பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசிலும் வழங்கப்பட்டது. மலைப்பகுதியில் கோப்பி பயிரிட்டோரின் கூட்டுறவுக்கு நல்ல விலை கொடுக்கும் கொள்வனவாளர் தேடித் தரப்பட்டனர்.

வேரில் இருந்த உயிர்

சில ஆண்டுகள் சென்றபின், காட்டைப் பற்றிய பேச்சைக் கிராமத்தவரே எடுத்தனர். ஊற்று வற்றுவதும் மண் சரிவதும் அவர்களுக்குத்தானே முதலில் தெரியும். தன்சானியாவின் 1999ஆம் ஆண்டுக் கிராமக் காணிச் சட்டம், கிராமக் காணியின் நிர்வாகத்தைக் கிராமசபையின் கையில் வைத்தது. அதன் அடிப்படையில் ஒவ்வொரு கிராமமும் தன் காணிக்குத் தானே திட்டம் வரைந்தது. செய்மதியிலிருந்து எடுத்த படத்தை விரித்துவைத்து, இது வயல், இது குடியிருப்பு, இது மேய்ச்சல் நிலம், இது காடு என்று கிராமத்தவரே குறித்தனர். வெளியார் வந்து கோடு கிழிக்கவில்லை. கிராமக் காடென்று தாமே ஒதுக்கிய நிலத்தைக் காக்கத் தம்முள்ளிருந்தே காவலரைத் தெரிந்தனர். அக்காவலர் கைத்தொலைபேசியில் வெட்டிய மரத்தையும் கண்ட விலங்கையும் இன்று பதிவுசெய்கின்றனர்.

மொட்டையாய் நின்ற மலைகளில் பெருமளவு நிலத்துக்குக் கன்றுகூட நடவேண்டியிருக்கவில்லை. பட்டுப்போனவை என எண்ணிய அடிக்கட்டைகளின் வேரில் உயிர் இருந்தது. விறகுக்காக மீண்டும் மீண்டும் வெட்டாமலும், தீ வைக்காமலும் விட்டபோது அவை தளிர்த்தன. சில ஆண்டுகளில் ஆளுயரத்துக்கு மேல் மரங்கள் எழுந்தன. 12 கிராமங்களில் தொடங்கிய வேலை இன்று நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்களில் நடைபெறுகிறது.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. 1960களில் ஏறத்தாழ 150 சிம்பன்சிகள் வாழ்ந்த கொம்பேயில் இன்று ஏறக்குறைய 100 மட்டுமே உள்ளன. நோயும் நில நெருக்கடியும் தொடர்கின்றன. எனினும் ஊரும் காடும் எதிரிகள் அல்ல என்பதற்கு அந்த மலைகள் சான்றாக நிற்கின்றன.

வேர்களும் தளிர்களும்

1991இல் தார் எஸ் சலாம் நகரிலுள்ள அவரது வீட்டு விறாந்தையில் 12 மாணவர்கள் கூடினர். தம் ஊரிலே கண்ட குறைகளைப் பற்றி முறையிட்டனர். எதைச் செய்யலாம் என நீங்களே தீர்மானியுங்கள் என்றார் ஜேன். ஒவ்வொரு குழுவும் மனிதருக்காக ஒன்று, விலங்குக்காக ஒன்று, சூழலுக்காக ஒன்று என மூன்று வேலைகளைத் தாமே தெரிந்தெடுத்துச் செய்யவேண்டும் என்பதே விதி. வேர்களும் தளிர்களும் என்ற பெயரில் பிறந்த அந்த இயக்கம் 60இற்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியது. 2002இல் ஐக்கிய நாடுகள் சபை அவரைச் சமாதானத் தூதுவராக நியமித்தது.

எமக்குரியது என்ன?

கொம்பேயின் வழியை அப்படியே பெயர்த்து இங்கே நட்டுவிட முடியாது. அங்குள்ள சட்டம் வேறு, எமது காணிப் பிரச்சினை வேறு. தென்னையில் ஏறும் குரங்குக்கு அவர் கதையில் உடனடி மருந்தும் இல்லை. ஆனால் காணிக்கும் காட்டுக்கும் எல்லை குறிக்க வருவோரிடம் எடுத்துச்சொல்ல ஒரு சான்று எம்மிடம் இருக்கிறது. உலகமே போற்றும் வன விலங்கு ஆராய்ச்சியாளர் ஒருவர், முதலில் ஊரைக் கேளுங்கள், அவர்களுடைய பசியையும் பிள்ளைகளின் படிப்பையும் கேளுங்கள், அதன்பின் மரத்தைப் பற்றிப் பேசுங்கள் என்ற வழியில் நடந்து, வெட்டுண்ட மலையைத் தளிர்க்க வைத்தார் என்பதே அது. தம் உறுதியைத் தாமே பேசவேண்டிய கிராம அபிவிருத்திச் சங்கங்களும் கமக்கார அமைப்புகளும் இதை மனத்திற் கொள்ளட்டும்.

எமது கைக்குள் இருப்பவையும் சில உள. திரும்பிப்போகும் காணியில் பற்றை வெளியாக்கும்போது, எந்த அடிக்கட்டை தளிர்க்கும் எனப் பார்த்து, வேலியோரத்திலும் வாய்க்கால் கரையிலும் நிற்பதை நிற்கவிடலாம். வீட்டுக்கு நாலு விறகு மரம் வைக்கலாம். பிள்ளை மணிக்கணக்காய்க் கோழிக்கூட்டருகே குந்தியிருந்தால், அதட்டுமுன் என்ன கண்டாய் என்று கேட்கலாம்.

நினைவுச்சின்னங்கள் பல அவருக்கு எழக்கூடும். ஊரைக் கேட்டபின் குறிக்கப்படும் ஒவ்வொரு எல்லையும் அவற்றிலும் பெரிய மரியாதையாகும்.